குறைந்த வெளிச்சத்தில் வீடியோ கேமராக்களை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இரண்டு கேமராக்களை ஒரே மங்கலான அறையில் வைத்துப் படம்பிடித்து, எதில் உருவம் பளிச்சென்று தெரிகிறதோ அதுவே சிறந்தது என்று முடிவு கட்டுவது பலரும் செய்கிற காரியம். நானும் ஒருமுறை அப்படித்தான் முடிவு செய்தேன். சிறிய சென்சார் கொண்ட ஒரு கையடக்கக் கேமரா, அதைவிடப் பல மடங்கு பெரிய சென்சார் கொண்ட இன்னொன்றைக் காட்டிலும் வெளிச்சமான படத்தைத் தந்தது. வியப்போடு அதையே எடுத்துச்சென்று ஒரு நடன நிகழ்ச்சியைப் பதிவு செய்தேன். திரும்பி வந்து கணினியில் பார்த்தபோது, ஆடியவரின் கைகள் புகைபோல் இழுபட்டிருந்தன. அசைவு விட்டுவிட்டு நகர்ந்தது. அந்தக் கேமரா, தானியங்கி முறையில் ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை) 1/50 விநாடியிலிருந்து 1/12 விநாடிக்கு இறக்கி, இரண்டு ஃப்ரேம் நேரத்து ஒளியைச் சேர்த்து ஒரே படமாகக் கொடுத்திருந்தது. ஒப்பீட்டின்போது எதிரில் இருந்தது அசையாத பூச்சாடி என்பதால் அந்தக் குறை கண்ணில் படவேயில்லை.

வெளிச்சமாகத் தெரியும் படம் வேறு, தரமான படம் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்றை உங்கள் அறையிலேயே, பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் அமைப்பது எப்படி என்பதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

இருட்டில் படம் ஏன் கெடுகிறது

இருட்டில் படம் புள்ளிபுள்ளியாகத் தெரிவதற்குக் கேமராவின் மின்சுற்று மட்டுமே காரணம் என்று நினைப்பது சரியல்ல. ஒளி என்பது ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து விழுகிறது. அவை கூரையில் விழும் மழைத்துளிகளைப் போல ஓரிடத்தில் சற்று அதிகமாகவும் இன்னோரிடத்தில் சற்றுக் குறைவாகவும் விழும். ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் சேர்ந்தால் அந்த ஏற்றஇறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 விழுக்காடு. அதே பிக்சலில் 100 ஃபோட்டான்கள் மட்டுமே சேர்ந்தால் ஏற்றஇறக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. நாம் நாய்ஸ் என்று சொல்லும் இரைச்சலில் பெரும்பங்கு இப்படி ஒளியிலேயே பிறக்கிறது. சென்சாரிலிருந்து தகவலைப் படித்தெடுக்கும்போது மின்சுற்று தன் பங்கு இரைச்சலை அதன்மேல் சேர்க்கிறது. மிக இருண்ட நிழல்களில் இந்த இரண்டாவது பங்கு மேலோங்குகிறது.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. இரைச்சல் பாதியாகக் குறைய வேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி சேர வேண்டும். அந்த ஒளியைப் பெரிய சென்சார் தரலாம், அகலத் திறக்கும் லென்ஸ் தரலாம், மெதுவான ஷட்டர் தரலாம். முழுஃப்ரேம் சென்சாரின் அளவு 36×24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எனப்படும் சிறிய சென்சார் 17.3×13, அதாவது ஏறத்தாழ 225. ஒரு அங்குல சென்சார் எனப்படுவது 13.2×8.8, அதாவது ஏறத்தாழ 116. ஒரே காட்சிக்கோணம், ஒரே எஃப் எண் (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஒரே ஷட்டர் என்றால், முழுஃப்ரேம் சென்சார் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட ஏறத்தாழ 2 ஸ்டாப்பும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு), ஒரு அங்குல சென்சாரைவிட ஏறத்தாழ 3 ஸ்டாப்பும் கூடுதல் ஒளியைச் சேர்க்கிறது.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு மறைவான சலுகை இருக்கிறது. முழுஃப்ரேமில் எஃப் 2 வைத்தால் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைந்து, முகத்தில் ஒரு கண் மட்டும் கூர்மையாக நிற்கும். அதைச் சரிசெய்ய எஃப் 4-க்கு மூடினால் கூடுதலாகக் கிடைத்த 2 ஸ்டாப்பும் போய்விடும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா எஃப் 2-இல் சேர்க்கும் அதே அளவு ஒளிதான் மிஞ்சும். ஆகவே உங்கள் வேலைக்கு எவ்வளவு ஃபோகஸ் ஆழம் தேவை என்பதை முடிவு செய்யாமல் சென்சார் அளவை மட்டும் வைத்துப் பேசுவதில் பொருளில்லை.

பிக்சல் குறைவாக இருந்தால் இருட்டில் நன்றாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 2014-இல் வந்த சோனி ஏ7எஸ் 12.2 மெகாபிக்சலும், 2018-இல் வந்த பானசோனிக் ஜிஎச்5எஸ் 10.2 மெகாபிக்சலும் கொண்டவை என்பதால் அந்த நம்பிக்கை வேரூன்றியது. ஆனால் முடிவில் இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால், சிறு பிக்சல்களின் இரைச்சல் சராசரியாகிக் குறைந்துவிடும். வீடியோவில் உண்மையான வேறுபாட்டைப் பெரிதும் உண்டாக்குவது, கேமரா எல்லா பிக்சல்களையும் படிக்கிறதா, வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கிறதா என்பதே. தாண்டப்படும் வரிகளில் விழுந்த ஒளி முழுவதும் வீணாகிறது. விநாடிக்கு 50 ஃப்ரேம் வைத்தால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பயன்படுத்தும் கேமராக்களும் உண்டு. நீங்கள் வேலைக்குப் பயன்படுத்தப்போகும் அதே ஃப்ரேம் வேகத்திலும் அதே ரெசல்யூஷனிலும் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

விவரக்குறிப்பில் இருக்கும் லக்ஸ் எண்

குறைந்தபட்ச வெளிச்சம் இத்தனை லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்று அச்சிட்டிருப்பதை வைத்து இரு நிறுவனங்களின் கேமராக்களை ஒப்பிட வேண்டாம். அந்த எண் எந்த ஷட்டரில், எவ்வளவு கெயினில் (மின்னணு முறையிலான பெருக்கத்தில்), எந்த லென்ஸ் திறப்பில், படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் போதும் என்று கொண்டு அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். 2015-இல் கேனான் அறிவித்த எம்இ20எஃப்-எஸ்எச் கேமராவுக்கு 0.0005 லக்ஸ் என்ற எண் தரப்பட்டது. 19 மைக்ரோமீட்டர் அகலமுள்ள பெரிய பிக்சல்கள் கொண்ட அருமையான சென்சார் அது. ஆனாலும் அந்த எண் 75 டெசிபெல் கெயினில் பெறப்பட்டது. 6 டெசிபெல் ஒரு ஸ்டாப் என்பதால் அது பன்னிரண்டரை ஸ்டாப் பெருக்கம். உருவம் தெரியும் எல்லையைத்தான் அந்த எண் சொல்கிறது. பார்க்கத் தகுந்த படம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வதில்லை.

படி 1: உங்கள் இருட்டு எது என்று அளந்துகொள்ளுங்கள்

ஒரு மெழுகுவத்தியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். முழுநிலவின் ஒளி அதில் கால் பங்குதான். நல்ல வெளிச்சமுள்ள அலுவலகத்தில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். மாலை நிகழ்ச்சிகளை எடுப்பவருக்கும், நள்ளிரவில் காட்டு விலங்குகளை எடுப்பவருக்கும் ஒரே கேமரா சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில், எடுக்கப்படுபவரின் முகம் இருக்கும் இடத்தில் லைட் மீட்டரை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கும் லக்ஸ் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனாலும் ஒரே கைப்பேசியை இரண்டு இடங்களிலும் பயன்படுத்தினால், அந்த இடத்தின் வெளிச்சத்தைச் சோதனை அறையில் கிட்டத்தட்ட மீண்டும் உருவாக்க அது போதும்.

படி 2: பொய் சொல்ல முடியாத காட்சியை அமையுங்கள்

சோதனையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. வெற்றுச் சுவரையும் பூச்சாடியையும் எடுத்தால் எல்லாக் கேமராவும் நன்றாகவே தெரியும். என் மேசையில் நான் வைப்பவை இவை: 18 விழுக்காடு சாம்பல் அட்டை ஒன்று, கறுப்பு வெல்வெட் துணி, அதன்மேல் கருநீலக் கம்பளி நூல் உருண்டை, அடர்சிவப்புத் துணி, சிறிய எழுத்துகள் அச்சடித்த தாள், ஃப்ரேமின் ஓரத்தில் எரியும் சிறு விளக்கு ஒன்று, நடுவில் ஓர் ஆள், அல்லது ஆள் கிடைக்காதபோது தலைமுடியோடு கூடிய பொம்மைத் தலை. கூடவே மெதுவாகச் சுழலும் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கறுப்பு வெல்வெட்டில் கேமராவின் உண்மையான இரைச்சல் தளம் தெரியும்: அது கறுப்பாகவே இருக்கிறதா, ஊதாவாகவோ பச்சையாகவோ திரும்புகிறதா, அதன் குறுக்கே கிடைக்கோடுகள் நெளிகின்றனவா என்று பார்க்கலாம். இரைச்சல் புள்ளிகளைக் கண் மன்னித்துவிடும். ஒழுங்கான கோடுகளை மன்னிக்காது. கம்பளி நூலின் இழைகளும் தலைமுடியும் இரைச்சல் நீக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். கேமராவுக்குள் நடக்கும் இந்த நீக்கம் இரண்டு வகைப்படும். ஒரே ஃப்ரேமில் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலப்பது ஒன்று. அது மிகும்போது முடி மெழுகில் தோய்த்ததுபோல் ஒட்டிக்கொள்ளும், கன்னத்தின் தோல் பிளாஸ்டிக் ஆகிவிடும். அடுத்தடுத்த ஃப்ரேம்களைக் கலப்பது இன்னொன்று. அசையாப் பொருளில் இது அற்புதமாக வேலை செய்யும், அசையும் கைக்குப் பின்னால் மட்டும் நிழல்வால் நீளும். சுழலும் பொருள் அதற்காகத்தான். எரியும் விளக்கு, பிரகாசமான பகுதிகள் எவ்வளவு சீக்கிரம் வெளுத்துப்போகின்றன என்பதையும் லென்ஸில் ஒளி சிதறுவதையும் காட்டும்.

படி 3: விளக்கின் தூரத்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள்

டிம்மர் வைத்துக் குறைத்தால் டங்ஸ்டன் விளக்கின் நிறம் சிவந்துவிடும். பல எல்இடி விளக்குகள் துடிக்கத் தொடங்கும். விளக்கை நகர்த்துவதே நம்பகமானது. சிறிய விளக்கு ஒன்றின் தூரத்தை 1.4 மடங்காக்கினால் வெளிச்சம் பாதியாகும், அதாவது 1 ஸ்டாப் குறையும். இரண்டு மடங்காக்கினால் 2 ஸ்டாப் குறையும். வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளி இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்பதால், இயன்றால் சுவரில் கறுப்புத் துணியை மாட்டுங்கள்.

விளக்கின் நிறத்தையும் கவனியுங்கள். 3200 கெல்வின் மஞ்சள் ஒளியில் நீல ஒளி மிகக் குறைவு. வொயிட் பேலன்ஸைச் சரிசெய்யும்போது (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சமன்செய்யும்போது) கேமரா நீல வண்ணத்தை மட்டும் பல மடங்கு பெருக்குவதால், இரைச்சல் அங்கேதான் கொப்பளிக்கும். வெண்ணொளியில் சோதித்த கேமராவை மஞ்சள் ஒளியில் பயன்படுத்தும்போது ஏமாற்றம் வருவது இப்படித்தான். நீங்கள் வேலை செய்யும் ஒளி மஞ்சள் என்றால், சோதனையும் மஞ்சள் ஒளியிலேயே நடக்கட்டும்.

படி 4: லென்ஸும் சட்டகமும்

முடிந்தால் ஒரே லென்ஸை அடாப்டர் மூலம் இரண்டு கேமராக்களிலும் மாட்டுங்கள். சென்சார் அளவு வேறுபட்டால் கேமராவை நகர்த்தி அதே சட்டகத்தைக் கொண்டுவாருங்கள். வெவ்வேறு லென்ஸ்கள்தான் இருக்கின்றன என்றால் எஃப் எண்ணை நம்பிவிடக் கூடாது. எஃப் எண் திறப்பின் வடிவியல் கணக்கு மட்டுமே. கண்ணாடிகளைக் கடந்து உண்மையில் எவ்வளவு ஒளி வருகிறது என்பதை டி எண்தான் சொல்லும். பல கண்ணாடித் துண்டுகள் கொண்ட ஜூம் லென்ஸில் இரண்டுக்கும் இடையே கணிசமான இடைவெளி இருக்கும். கேமராவோடு சேர்ந்தே வரும் ஜூம் லென்ஸ்களில், உள்ளே இழுக்க இழுக்கத் திறப்பும் சுருங்கும், எஃப் 2.8-இல் தொடங்கி எஃப் 4.5-இல் முடிந்தால் வழியில் 1 ஸ்டாப்புக்கு மேல் போய்விடுகிறது. அகலக் கோணத்தில் ஒருமுறை, நீள்கோணத்தில் ஒருமுறை என இரண்டையும் எடுத்துவையுங்கள்.

படி 5: தானாக நடப்பவற்றையெல்லாம் நிறுத்துங்கள்

ஷட்டர் கைமுறையில் இருக்க வேண்டும். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 1/50, 30 ஃப்ரேம் என்றால் 1/60. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் விளக்குகள் விநாடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 120 முறையும் துடிக்கும் என்பதால், ஷட்டர் அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தில் பட்டைகள் உருளும். அதை இரைச்சல் என்று தவறாக எண்ணிக்கொள்ள நேரும். வொயிட் பேலன்ஸைக் கெல்வின் எண்ணாகப் பூட்டுங்கள். மின்னணு நிலைப்படுத்தல், நிழலைத் தூக்கிவிடும் வசதிகள், இரவு முறை ஆகியவற்றை அணையுங்கள். ஷார்ப்னெஸ், இரைச்சல் நீக்கம் இரண்டையும் இயன்றவரை இறக்குங்கள். அவற்றை முற்றிலும் அணைக்க விடாத கேமராக்கள் பல உண்டு. அப்படிப்பட்டவற்றில், இறக்கிய நிலையில் ஒருமுறையும் தொழிற்சாலை அமைப்பில் ஒருமுறையும் எடுத்து இரண்டையும் குறித்துவைப்பதே நேர்மை.

பிக்சர் புரொஃபைல், அதாவது படத்தின் தோற்றத்தை முன்கூட்டியே வகுத்துவைக்கும் அமைப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. நிழலை அழுத்திக் கறுப்பாக்கும் புரொஃபைல், இரைச்சலையும் சேர்த்து மறைத்துவிடும். பின்னர் நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதிவு செய்யும் லாக் புரொஃபைல் நிழலைத் தூக்கிக் காட்டுவதால் இரைச்சல் அதிகம்போலத் தோன்றும். ஒரு கேமராவை ஒன்றிலும் மற்றொன்றை இன்னொன்றிலும் எடுத்து ஒப்பிட்டால், புரொஃபைல்களைத்தான் ஒப்பிட்டவர்களாவோம்.

படி 6: ஐஎஸ்ஓ எண்ணை நம்பாமல் சாம்பல் அட்டையை நம்புங்கள்

ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் எண். ஒரு நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 6400-உம் இன்னொரு நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 6400-உம் ஒரே வெளிச்சத்தைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐஎஸ்ஓ 12232 தரநிலையே தயாரிப்பாளருக்குப் போதுமான இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே ஒரே ஒளி, ஒரே டி எண், ஒரே ஷட்டர் என்று வைத்துக்கொண்டு, படத்தின் ஒளியளவை உயரமாக வரைந்து காட்டும் வேவ்ஃபார்ம் கருவியில் சாம்பல் அட்டை ஒரே உயரத்துக்கு வரும்வரை ஒவ்வொரு கேமராவின் ஐஎஸ்ஓ அல்லது கெயினையும் ஏற்றுங்கள். வழக்கமான புரொஃபைலிலும் சோனியின் எஸ்-லாக்3, பானசோனிக்கின் வி-லாக் ஆகியவற்றிலும் சாம்பல் அட்டையின் இடம் ஏறத்தாழ 40 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்.

பிறகு விளக்கைப் படிப்படியாகத் தள்ளி, 1 ஸ்டாப் குறையும் ஒவ்வொரு இடத்திலும் ஐஎஸ்ஓவை ஏற்றி, இருபது விநாடி எடுங்கள். ஒரே ஓர் ஐஎஸ்ஓவில் எடுத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதற்கு முக்கியமான காரணம், பல கேமராக்களுக்கு இப்போது அடிப்படை ஐஎஸ்ஓ (சென்சார் தன் இயல்பில் இயங்கும் நிலை) இரண்டு இருக்கின்றன. பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கேயில் அவை 400, 3200. அந்தக் கேமரா முதல் அடிப்படையிலிருந்து இரண்டாவதற்கு 1000-த்துக்கும் 1250-க்கும் இடையே தாவுகிறது. ஆகவே 1250-இல் நிழல்கள் 1000-த்தைவிடத் தூய்மையாக இருக்கும். சோனி எஃப்எக்ஸ்3-இல் எஸ்-லாக்3 வைத்தால் 800, 12,800 என 4 ஸ்டாப் இடைவெளி. தாவும் புள்ளிக்குச் சற்றுக் கீழே ஒரு கேமராவையும், சற்று மேலே இன்னொன்றையும் வைத்து எடுத்தால், தோற்க வேண்டியது வென்றுவிடும்.

இதே வரிசையை, கேமரா அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு மீண்டும் ஒருமுறை எடுங்கள். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். சூட்டில் முளைக்கும் வெள்ளைப் புள்ளிகளும் ஓரங்களில் படரும் ஊதா ஒளியும் அந்தக் கறுப்பு நிமிடத்தில் தப்பாமல் தெரியும்.

படி 7: பதிவாகும் கோப்பைப் பாருங்கள்

இரைச்சல் என்பது ஒழுங்கற்ற தகவல். அதைச் சுருக்கி எழுத எச்.264, எச்.265 போன்ற முறைகள் திணறும். பிட்ரேட் (விநாடிக்குப் பதிவாகும் தகவலின் அளவு) போதாதபோது நிழல்களில் இரைச்சல் சதுரக்கட்டங்களாக உறைந்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் குதிக்கும். சென்சார் நல்லது, கோப்பு மோசம் என்ற நிலை இதுதான். சந்தேகம் எழுந்தால் எச்டிஎம்ஐ வழியே வெளிப்பதிவுக் கருவியில் பதிவு செய்து பாருங்கள். படம் தெளிந்தால் குற்றம் சென்சாருடையது அல்ல. நிறப்படிகள் குறைவான 8 பிட் கோப்பை நிழலில் தூக்கும்போது நிறம் படிக்கட்டுகளாகப் பிரிவதையும், படிகள் மிகுந்த 10 பிட்டில் அது தாங்குவதையும் இப்போதே சோதித்துவிடலாம்.

படி 8: ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு அளந்து பாருங்கள்

நிறுத்திவைத்த ஃப்ரேமை வைத்து வீடியோவைத் தீர்மானிக்கக் கூடாது. இரைச்சல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதால், ஓடும் படத்தில் கண் அதைச் சராசரியாக்கிக்கொள்கிறது. நிறுத்தினால் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். எல்லாக் கோப்புகளையும் ஒரே ரெசல்யூஷனுக்குக் கொண்டுவந்து, ஒரே டைம்லைனில் அடுக்கி, இருட்டான அறையில், நல்ல திரையில் ஓடவிடுங்கள். எது எந்தக் கேமரா என்று தெரியாதபடி கோப்புகளின் பெயரை வேறொருவரை மாற்றச் சொன்னால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த கேமராவின் பெயர் தெரிந்திருந்தால் கண் அதற்குச் சாதகமாகவே பார்க்கும்; இது என் அனுபவத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

எண் வேண்டும் என்பவர்கள், சாம்பல் அட்டையிலிருந்து சில ஃப்ரேம் இடைவெளி உள்ள இரண்டு ஃப்ரேம்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, கிடைக்கும் திட்டவிலக்கத்தை 1.41-ஆல் வகுத்தால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும் இரைச்சல் கிடைக்கும். 64 ஃப்ரேம்களைச் சராசரியாக்கினால் அந்த இரைச்சல் எட்டில் ஒன்றாகக் குறைந்து, நிலையான கோடுகளும் புள்ளிகளும் வெளியே வரும். இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருளில் இரண்டையும் செய்யலாம். ஆனால் இந்த எண், கடுமையாக வழித்து மெழுகாக்கும் கேமராவுக்கு நல்ல மதிப்பெண்ணைத் தந்துவிடும். எண்ணைப் பார்த்த கையோடு கம்பளி நூலின் இழைகளையும் பாருங்கள். எண் குறைந்து இழையும் காணாமல் போயிருந்தால் அங்கே தூய்மை இல்லை, அழிப்புதான் இருக்கிறது.

ஆட்டோ ஃபோகஸைத் தனியாகச் சோதியுங்கள். படம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், நடந்து வருபவரின் முகத்தைப் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைந்தால் அந்த இருட்டில் அந்தக் கேமரா உதவாது.

இரண்டு கேமராக்களும் கையில் கிடைக்காதபோது

பிறர் எடுத்த சோதனைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றால், இணையத்தில் ஓடும் வடிவத்தை வைத்து இரைச்சலை மதிப்பிட வேண்டாம். அங்கே மறுபடியும் சுருக்கப்படும்போது மெல்லிய இரைச்சலும் மெல்லிய விவரமும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஷட்டர், திறப்பு, ஐஎஸ்ஓ, புரொஃபைல், இரைச்சல் நீக்கத்தின் நிலை ஆகிய ஐந்தும் சொல்லப்படாத சோதனையை ஒதுக்கிவிடுங்கள். சொல்லியிருந்தால், எடுத்தவருக்கு எழுதி, கேமராவிலிருந்து வந்தபடியே உள்ள பத்து விநாடிக் கோப்பு ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். அதில் ஆள் ஒருவர் கையை அசைப்பதும், பின்னணியில் ஆழ்ந்த நிழல் ஒன்றும் இருந்தால், மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை அந்தப் பத்து விநாடியிலேயே பார்த்துவிடலாம்.